கொக்கி வெட்டிய கம்பிகள்

செஞ்சியில் நான் போட்ட சிமெண்ட் ரோடு மொத்தமே ஒரு தெருதான். ஒரு முனையில் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தால் சாறு ஊறுவதற்குள் மறுமுனை வந்துவிடும். அந்த ஒரு தெருவை வைத்துக்கொண்டு நான் அடித்த ஜம்பத்தை நினைத்தால், அன்றைய என்னைக் கூப்பிட்டு எதிரில் நிற்கவைத்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கவேண்டும் போல இருக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. திருச்சியில் சிவில் படித்துவிட்டு, ஜூனியர் இன்ஜினீயர் என்ற பெயரோடு அந்த ஊரில் வந்து இறங்கினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜல்லிக் குவியல்மேல் ஏறி நிற்கும் பெண்ணை அவர்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வெளியூர்க்காரர்கள் கோட்டையைப் பார்க்க வந்தார்கள், உள்ளூர்க்காரர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். வேலை நடக்கும் இடத்தில் எந்நேரமும் இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். வேறு வேலை இல்லாத அந்த இருபது பேருக்கும் ரோடு போடுவது எப்படி என்பது என்னைவிட நன்றாகத் தெரியும். ஜல்லி பெரிசு என்பான் ஒருவன், மணல் பொடி என்பான் இன்னொருவன், இதெல்லாம் பொம்பளைக்கு ஏன் என்பான் மூன்றாமவன், எனக்குக் கேட்கிற மாதிரியே.

ரோடு போட்டது மல்லாட்டை மண்டித் தெருவில். நிலக்கடலையை அந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். வல்லம், சிங்கவரம் பக்கத்து மூட்டைகளெல்லாம் வண்டியிலும் லாரியிலும் அங்கேதான் வந்து இறங்கும். களிமண் தரை. ஐப்பசி மழையில் வண்டி அச்சுவரைக்கும் இறங்கிவிடும். இரண்டு தடவை தார் போட்டு, இரண்டு தடவையும் மழை அதைப் பாய் சுருட்டுவது மாதிரி சுருட்டிக்கொண்டு போயிருந்தது. மூன்றாவது தடவையும் தார்தான் என்று பிடிவாதமாக இருந்த எங்கள் துணைக்கோட்ட அதிகாரி, மண்டிக்காரர்கள் போய் யாரையோ பார்த்துவிட்டு வந்த மறுநாளிலிருந்து, சிமெண்ட் ரோடு என்பது தன்னுடைய நெடுநாள் கனவு என்று சொல்ல ஆரம்பித்தார்.

அந்தக் கனவை வரைந்து தரும்படி என்னிடம் கொடுத்தார். எங்கள் இலாகாவில் வரைவது என்று தனியாக ஒரு வேலை கிடையாது. ஏற்கெனவே எவனோ வரைந்ததன்மேல் டிரேசிங் பேப்பரைப் போட்டு இழுப்பதற்குத்தான் வரைவது என்று பெயர். ஏதோ ஒரு ஊரில் ஆலை வளாகத்துக்குள் போட்ட சிமெண்ட் ரோட்டின் படம் ஒன்று அவருடைய பீரோவில் மடித்துக் கிடந்தது. அதை எடுத்து இழுத்தேன். ஊர்ப் பெயரை மாற்றினேன். கீழே என் கையெழுத்தைத் தேவைக்குமேல் பெரிதாகப் போட்டேன்.

அந்தப் படத்தில் கான்கிரீட்டுக்குள் ஒரு கம்பி வலை இருந்தது. படம் மேலிடத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது வலையை மட்டும் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். மண்டித் தெருவுக்கு வலை என்ன கேடு என்று மேலே யாருக்கோ தோன்றியிருக்கிறது. எனக்கும் சந்தோஷம்தான். வெயிலில் நின்று சரிபார்க்க வேண்டிய வேலை ஒன்று குறைந்தது. மற்றதெல்லாம் படத்தில் உள்ளபடியே என்று எழுதிவிட்டு வேலையை ஆரம்பித்தோம்.

சிமெண்ட் ரோடு என்றால் ஒரே பாளமாக, ஒரு கோடுகூட இல்லாமல் இருக்கவேண்டும் என்பது ஊரின் எண்ணம். அப்படி ஒன்றை யாராலும் போட முடியாது. கான்கிரீட் காயும்போது சுருங்கும், வெயிலில் நீளும். சும்மா விட்டால் அதுவே தன் இஷ்டத்துக்கு எங்காவது விரிந்துகொள்ளும். அது கோணல்மாணலாக விரிவதற்கு முன்னால் நாமே அளந்து நேராக ஒரு பிளவை விட்டுவிடுகிறோம். அதுதான் ஜாயின்ட். ரயில் தண்டவாளத்தில் விடும் இடைவெளி மாதிரி. மண்டிக்காரர்களுக்கு இது பிடிக்கவே இல்லை. அவர்களில் பெரியவர் ஒருவர், மேல்சித்தாமூரில் அப்போது புது வீடு கட்டிக்கொண்டிருந்தவர், புது ரோட்டை நாங்களே வெட்டிவிட்டுப் போகிறோமே, இது என்ன நியாயம் என்று தினமும் காலையில் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் கடையைத் திறப்பார். நானும் தினமும் தண்டவாளத்தைச் சொன்னேன். தண்டவாளத்தில் மூட்டை இறக்குகிறார்களா என்று கேட்டார்.

பிளவு விட்டால் மட்டும் போதாது. ஒரு பாளத்திலிருந்து அடுத்த பாளத்துக்குச் சக்கரம் தாவும்போது, முதல் பாளத்தின் விளிம்பு அமுங்கி அடுத்ததன் விளிம்பில் சக்கரம் மோதும். நாளடைவில் விளிம்பு பொடிந்துபோகும். அதனால் இரண்டு பாளத்துக்கும் நடுவில், பாதி இதிலும் பாதி அதிலுமாக, முழங்கை நீளத்துக்குக் கட்டையான கம்பிகளை வரிசையாக வைப்போம். பாரம் வந்தால் பக்கத்துப் பாளத்தையும் தாங்க வைப்பது அந்தக் கம்பியின் வேலை. ஆனால் பாளம் சுருங்கும்போது அது தடுக்கக் கூடாது. தோள் கொடுக்கவேண்டும், கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதற்காக ஒரு பாதிக்குத் தார் பூசிவிடுவோம். அந்தப் பாதி கான்கிரீட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போய்வரும். இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள நான் நாலு வருஷம் படித்தேன் என்பதால் மற்றவர்களுக்குப் புரியவே புரியாது என்று நம்பினேன்.

கம்பி வேலைக்குக் கான்ட்ராக்டர் கூட்டிவந்தவர் ஊரிலேயே பேர்பெற்ற மேஸ்திரி. ஐம்பது வயது இருக்கும். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். செஞ்சியில் எந்த மாடி வீட்டுக் கூரையைச் சுரண்டினாலும் உள்ளே அவர் கட்டிய கம்பிதான் இருக்கும். கூரைக் கம்பிக்கு முனையில் கொக்கி வளைக்காமல் விடுவது அவரைப் பொறுத்தவரை சட்டைக்குப் பொத்தான் வைக்காமல் விடுவது மாதிரி. வழவழப்பான உருட்டுக் கம்பி அந்தக் காலத்தில். கொக்கி போட்டால்தான் கான்கிரீட்டில் பிடிக்கும், கூரைக்கு அது சரி.

முதல் நாள் கான்கிரீட் போடக் காலையில் போய்ப் பார்த்தேன். தெரு நீளத்துக்கும் அடுக்கி வைத்திருந்த இணைப்புக் கம்பிகள் அத்தனைக்கும் இரண்டு முனையிலும் அழகாகக் கொக்கி. யாரும் சொல்லவில்லை. நான் கொடுத்த நேர்க்கம்பியைப் பார்த்து, படித்த பொண்ணு மறந்துவிட்டது போல என்று பரிதாபப்பட்டு, தன் கைவேலையாக முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து வளைத்திருக்கிறார். அந்தக் கம்பியை உள்ளே வைத்தால் இரண்டு பாளமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஜாயின்ட் விட்டதற்கு அர்த்தமே இல்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கலவை மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, சித்தாள் பெண்கள் சட்டியோடு நிற்கிறார்கள், டீக்கடையில் வழக்கமான இருபது பேர், மூட்டை இறக்க வந்தவர்கள் வேறு. அத்தனை பேருக்கு நடுவில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன்.

“நேத்து பூரா குந்திகினு வளைச்சதும்மா,” என்றார். “கொக்கி இல்லாட்டி கம்பி எப்பிடிம்மா புடிக்கும்?”

“பிடிக்கக் கூடாதுன்னுதான் பாய் வைக்கறதே. இது உங்க மாடி வீட்டுக் கூரை இல்ல. தெரியாத வேலையில கையை வைக்காதீங்க.”

டீக்கடைப் பக்கம் சிரிப்பு கேட்டது. அதுவரை என்னை நக்கலடித்த கூட்டம் முதல்முறையாக என் பக்கம் சிரித்தது, அந்த ருசி எனக்குப் பிடித்துவிட்டது, அதனால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். பாய் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு கொக்கியாக வெட்டினார். மத்தியானம்வரை அந்தச் சத்தம்தான் தெருவில். மறுபடி தார் பூசி, பாதையின் வாட்டத்துக்கு நேராகக் கம்பிகளை வைத்தபோது நான் கூடவே நின்று பார்த்தேன். பிறகு சாப்பிடப் போனேன். வருவதற்குள் முதல் பாளத்துக்குக் கான்கிரீட் கொட்டிவிட்டிருந்தார்கள். மற்றப் பாளங்களுக்கும் தினமும் அதே மாதிரிதான் நடந்தது.

கொக்கி விஷயத்தில் நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு விஷயத்தில் சரியாக இருந்தவளுக்கு எல்லாவற்றிலும் தான்தான் சரி என்ற எண்ணம் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு ஒரு பொழுதுகூட ஆகவில்லை.

கான்கிரீட் போட்டு முடித்து, மேலே மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். அந்தத் தண்ணீரில் கால் கழுவாதவன் செஞ்சியில் பாவம் செய்தவன் என்பது மாதிரி வரிசையாக வந்து கழுவினார்கள். எருமைகள் வந்தன. பதினைந்து நாள் நான் எருமை விரட்டினேன், பொறியியல் பட்டதாரியாக. பிறகு பாத்தியை எடுத்துவிட்டு, ஜாயின்டுகளை இரண்டு நாள் காயவைத்துத் தார் ஊற்றலாம் என்று விட்டிருந்தேன். அந்த இரண்டு நாளைக்குள் ஊருக்குப் பொறுக்கவில்லை. சித்திரை மாதம், மல்லாட்டை வரத்து ஆரம்பித்த சமயம். காலையில் போனால் என் ரோடு முழுக்க மல்லாட்டை பரப்பிக் கிடக்கிறது. அதுகூடப் போகட்டும். நான் தார் ஊற்ற வைத்திருந்த ஜாயின்டுகளில் எல்லாம் பச்சையாகச் சாணி அடைத்திருக்கிறார்கள்.

களத்தில் தானியம் கொட்டுவதற்கு முன்னால் வெடிப்பில்லாமல் சாணி மெழுகுவது அவர்கள் வழக்கம். இடுக்கில் பருப்பு விழுந்தால் வீண்தானே. ரோடா களமா என்ற வித்தியாசமெல்லாம் அவர்களுக்கு இல்லை, வழவழப்பாக வெயில் படும்படி எது இருந்தாலும் களம்தான். கோலை வைத்து மல்லாட்டையைக் கிளறிக்கொண்டிருந்த பெண்ணிடம், இது உங்கள் பாட்டன் வீட்டுக் களமா, அரசாங்க ரோடு என்று கத்தினேன். ஜாயின்டுக்குள் சாணி போனால் தார் ஒட்டாது என்று சொல்லிக்கொண்டே ஒரு குச்சியை எடுத்து நானே சுரண்ட ஆரம்பித்தேன். அப்போது பார்த்தால், ஒரு பாளத்தின் நடுவிலும் குறுக்கே ஒரு சாணிக் கோடு. அங்கே நான் ஜாயின்டே விடவில்லை.

இல்லாத இடத்தில் ஏன் மெழுகினாய் என்று கேட்டேன்.

“இங்கயும் ஒரு சந்து இருக்குதும்மா,” என்றாள் அந்தப் பெண். “நல்லா பாருங்க.”

சுரண்டினேன். சாணிக்குக் கீழே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. எழுந்து தெரு முழுக்க நடந்தேன். ஒவ்வொரு பாளத்திலும் இருந்தது, சிலதில் ஒன்று, சிலதில் இரண்டு. இன்ஜினீயர் கண்ணுக்குப் படாததையெல்லாம் அந்தப் பெண்கள் ஒன்று விடாமல் கண்டுபிடித்து மெழுகி வைத்திருந்தார்கள்.

பாளம் சுருங்க முடியாமல் நடுவில் பிய்ந்திருக்கிறது. அதை எதுவோ இரண்டு பக்கமும் பிடித்து இழுத்திருக்கவேண்டும். கண நேரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கொக்கி. நான் சாப்பிடப் போன நேரம். மண்டிக்காரர்கள் அதற்குள் கூடிவிட்டார்கள், மேல்சித்தாமூர்ப் பெரியவர் முன்னால் நின்றார். வெட்டுகிற மாதிரி எனக்குக் காட்டிவிட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் பாய் கொக்கிக் கம்பியையே உள்ளே வைத்துவிட்டார் என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன். யோசித்துச் சொல்கிறோமா என்ற சந்தேகம் ஒரு துளிகூட வரவில்லை. குற்றவாளி கிடைத்துவிட்டதில் எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது.

பாய் அன்றைக்கு வல்லத்தில் வேறு வேலையில் இருந்தார். மத்தியானம் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வேர்த்து ஊற்றியது. வெடிப்பைக் குனிந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“வெட்டிட்டேம்மா,” என்றார். “நீங்களுந்தான் பாத்தீங்க.”

நான் பார்த்ததெல்லாம் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதிகாரிக்கும் அதையே எழுதினேன். அதிகாரி வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார், அவர் வருவதற்கு மூன்று வாரம் பிடித்தது.

அந்த மூன்று வாரத்தில் ஊர் தன் வேலையைச் செய்தது. மேல்சித்தாமூர்ப் பெரியவர் தன் வீட்டுக் கூரைக்குப் பாயிடம்தான் வாக்குக் கொடுத்திருந்தார். வெற்றிலை பாக்குகூட மாற்றியாகிவிட்டது. அந்த வேலையை எடுத்துத் திண்டிவனத்து ஆளிடம் கொடுத்தார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கொடுத்தார்கள். பாய் கட்டிய வீடுகளில் பதினைந்து வருஷமாகக் குடியிருந்தவர்கள்கூடப் படுத்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்களாம். பாய் கம்பியையே திருடிவிட்டார் என்றும், உள்ளே மூங்கில் வைத்தார் என்றும் டீக்கடையில் கதை வளர்ந்தது. மழைக்கு முன்னால் எல்லாரும் கூரை போட்டுவிடுவார்கள். அந்த மூன்று மாதத்து வேலைதான் அவருக்கு வருஷத்துச் சாப்பாடு. அது கண்ணெதிரில் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியும். செய்ததற்கு அனுபவிக்கட்டும் என்று நினைத்தேன்.

ஒருவழியாக அதிகாரி வந்தார். ஜீப்பைவிட்டு இறங்கியதும் வெயிலைத் திட்டினார். கோட்டை மலைப் பாறைகளெல்லாம் சூடேறி ஊரே அடுப்பங்கரையாகக் கிடந்தது. ஒரு ஜாயின்டை உடைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. பாயையும் வரச்சொல்லியிருந்தேன், எல்லாருக்கும் முன்னால் மாட்டவேண்டும் அல்லவா.

சம்மட்டியால் ஒரு பக்கத்துப் பாளத்தின் விளிம்பை உடைத்தார்கள். கம்பி வெளியே தெரிந்தது. உடைத்த பக்கத்து முனை நேராக இருந்தது, கொக்கி இல்லை. மற்ற பாதி இன்னும் அடுத்த பாளத்துக்குள் இருந்தது. அங்கே இருக்கும் என்று சொன்னேன். பாய் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கம்பியை ஒரு கையால் பிடித்து, லேசாகத் திருகி, உருவினார். உறையிலிருந்து வருவது மாதிரி தார் மினுமினுப்போடு முழுசாக வெளியே வந்தது. அதை என் கையில் கொடுத்தார். முனையில் உளி பட்ட அடையாளமே தெரியவில்லை. தடவிப் பார்த்தேன். வெட்டின இடத்தில் பிசிறு நின்றால் அது கான்கிரீட்டில் மாட்டும், கம்பி வழுக்காது. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை, எனக்கே தோன்றவில்லை. அவர் ஒவ்வொரு முனையையும் அரம் போட்டு மழுங்கத் தேய்த்திருந்தார்.

இன்னும் மூன்று கம்பியை எடுத்தார்கள். நாலும் அப்படியே இருந்தன.

பிறகு எனக்கு வேறு வழியில்லாமல் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. டேப்பை எடுத்து ஜாயின்டிலிருந்து வெடிப்புவரை அளந்தேன். ஏறக்குறையப் பதினைந்து அடி. வெடிப்பிலிருந்து அடுத்த வெடிப்பு, மறுபடி அதே அளவு. நான் விட்ட ஜாயின்டுகள் நாற்பத்தைந்து அடிக்கு ஒன்று. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டேன். நாற்பத்தைந்து அடி என்பது உள்ளே கம்பி வலை இருக்கும் பாளத்துக்கான கணக்கு. வலை இருந்தால் வெடிப்பு வந்தாலும் மயிரிழையாக இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வலை இல்லாத வெறும் பாளத்துக்குப் பதினைந்து அடிக்கு ஒரு ஜாயின்ட் விடவேண்டும். பரீட்சையில் இதே கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் நான். மேலே இருந்தவர்கள் வலையை அடித்தார்கள், கீழே இருந்த நான் ஜாயின்ட் கோடுகளை மாற்றவில்லை. நான் விட மறந்த ஜாயின்டுகளைக் கான்கிரீட்டே விட்டுக்கொண்டது, அதுவும் கிட்டத்தட்டச் சரியான இடத்தில். அந்தத் தெருவில் தன் வேலையைத் தெரிந்து செய்தது, பாயையும் அந்தப் பெண்களையும் விட்டால், அந்தக் கான்கிரீட் ஒன்றுதான்.

அதிகாரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கு அதிர்ச்சியெல்லாம் வரவில்லை. சிரித்தார். வெடிப்பை உளியால் நேராக்கித் தார் ஊற்றிவிட்டால் அதுவும் ஒரு ஜாயின்ட்தான், காரணம் என்ற இடத்தில் கடும் வெயில் என்று எழுது என்றார். பாய் விஷயம் என்ன ஆவது என்று கேட்டேன்.

“அவன் கம்பி கட்டறவன்மா. அடுத்த வாரம் வேற எங்கயாவது கட்டுவான். நீ முப்பது வருஷம் சர்வீஸ்ல இருக்க வேண்டியவ.”

அந்த மனிதரை நான் எவ்வளவு கேவலமாக நினைத்தேன் என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இப்போதும் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் அவர் சொன்னபடியே கடும் வெயில் என்று எழுதினேன். என் கையெழுத்து அன்றைக்கும் பெரிதாகத்தான் விழுந்தது.

மறுநாள் பாய் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள், டீ வந்தது. தப்பு என்னுடையது, ஜாயின்டுகளைத் தூரம் தூரமாக விட்டுவிட்டேன், உங்கள் வேலையில் குறையில்லை என்று சொன்னேன். எப்படிச் சொன்னாலும் சின்னதாக ஒலித்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டார். கோபம் தெரிந்திருந்தால்கூடத் தேவலை.

“திட்டுனது மண்டித் தெருவுலம்மா,” என்றார். “இத்த ஊட்டுக்குள்ள வந்து சொல்றீங்க.”

அவ்வளவுதான் சொன்னார். டீ ஆறிவிடும் என்றார்.

அதுவும் நியாயம்தான். வரத்து அதிகமான நாளாகப் பார்த்துத் தெருவுக்குப் போனேன். மேல்சித்தாமூர்ப் பெரியவர் கல்லாவில் இருந்தார், டீக்கடையில் இருபது பேரும் இருந்தார்கள். முதல் நாள் நான் திட்டிய அதே அளவு சத்தத்தில் சொல்லவேண்டும் என்று வீட்டிலிருந்தே தீர்மானித்து வந்திருந்தேன். ரோடு வெடித்தது என்னால், படத்தில் என் தப்பு, பாய் கொக்கியை வெட்டித்தான் வைத்தார், நாலு கம்பி எடுத்துப் பார்த்தாயிற்று என்று சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள் என்று காத்திருந்தேன்.

ஒருவரும் திட்டவில்லை. அதைவிட மோசமாக, ஒருவரும் நம்பவில்லை. பெரியவர் மட்டும் எழுந்து வந்து, மேடத்துக்கு இளகின மனசு என்றார். பாய் வீட்டுக்கு நான் போனது அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே பெண்டு பிள்ளைகள் அழுதிருப்பார்கள், அதைப் பார்த்துத் தாங்காமல் மேடம் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கம் சொன்னார். எடுத்த நாலு கம்பிதான் நல்ல கம்பி, மிச்சம் உள்ளேதானே இருக்கிறது என்றார் இன்னொருவர். படிச்சவங்க படத்துல தப்பு வருமா என்றும் ஒரு குரல் கேட்டது. நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் இரக்கத்தின் அளவு அவர்கள் பார்வையில் கூடிக்கொண்டே போயிற்று. ஒன்றும் தெரியாத பொம்பளை என்று அது நாள்வரை என்னைச் சொன்ன கூட்டம், நான் வாயைத் திறந்து எனக்குத் தெரியவில்லை என்று சொன்ன அன்றைக்கு அதை ஏற்கமாட்டேன் என்றது. இந்த மடையர்களின் சிரிப்புக்காகத்தானே அன்றைக்கு நாலு வார்த்தை கூடுதலாகப் பேசினேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூரை வேலை திண்டிவனத்து ஆளிடமே இருந்தது.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையில் எடுத்தேன். எழுதுவது. நல்ல தாளில், தேதி போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் தமிழில் எழுதினேன். வலையை நீக்கியபின் ஜாயின்டுகளின் தூரத்தை மாற்றாதது என் தவறு என்றும், இன்னார் செய்த கம்பி வேலை சொன்னதைவிட நேர்த்தியானது என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினேன். வேலைக்கே ஆபத்து என்று தெரிந்துதான் செய்தேன். அந்த நினைப்பில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பாய் வாசலில் உட்கார்ந்து கம்பி கட்டும் கொக்கிச் சாவிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். கடிதத்தைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரலை வைத்து, வரி வரியாக, முத்திரை வரைக்கும் படித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“நல்லா எழுதி இருக்கீங்கம்மா,” என்றார். “இத்த எடுத்துகினு நான் வீடு வீடா போயி காட்டணுமா? அன்னிக்கு நான் கொக்கி வெச்சேன்னு நீங்க சொன்னப்போ ஒருத்தரும் பேப்பர் கேக்கலயே.”

மடித்திருந்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.